நீலக்கரை எந்த ரூட்டு?

சானல் சார் அந்த ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் பார்க்காமலேயே வாங்கினார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே கட்டாக வந்த தொடர்களில் அதுவும் ஒன்று. வெங்காயத்தை மூட்டையாக வாங்குகிறவர் ஒவ்வொன்றாக உரித்துப் பார்ப்பதில்லை. அட்டையில் ஒரு சின்னப் பையன், ஒரு படகு, ஒற்றைக் காதுப் பூனை. பையனும் பூனையும் இருந்தால் அது குழந்தைகள் தொடர். அதற்கு மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கிற மாலை நேரத்தில் போடுவதாக விளம்பரமும் கொடுத்துவிட்டார். ஜப்பானிய மொழியில் அதன் பெயருக்கு 'மூழ்கிய மணியின் ஓசை' என்பது போல ஒரு பொருள். தமிழில் 'சுட்டிப் படகோட்டி' என்று வைத்தார்.

அதன் பிறகுதான் அது எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தது. அங்கே நான் டப்பிங் வசனம் எழுதுகிறேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. கூடவே வரும் ஆங்கில வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் வாய் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று பார்த்து, அதற்குள் அடங்குகிற மாதிரி தமிழை நறுக்கிப் போடுவதுதான் வேலை. தமிழ் வாக்கியத்துக்கு வால் நீளம். அது முடிவதற்குள் படத்தில் இருப்பவன் வாயை மூடிக்கொண்டு வாளை உருவியிருப்பான். இலக்கியம் படித்ததற்கு இந்த அளவுக்காவது பயன் இருக்கிறதே என்று என் மனைவி சொல்வாள்.

தொடரின் கதை இதுதான். பாதி தண்ணீரில் மூழ்கிய ஒரு ஊர். தண்ணீருக்கடியில் ஒரு மணிக்கூண்டு. அந்த மணி எப்போதாவது அடிக்கும். அடித்தால், முகம் இல்லாத ஒரு நெட்டை உருவம் கையில் கொக்கியோடு மூடுபனிக்குள்ளிருந்து வரும். யாரையாவது இழுத்துக்கொண்டு போகும். படகோட்டிப் பையன் தேடிப் போவான். செருப்பு மட்டும் கிடைக்கும். ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். போனவர்களுக்கும் சேர்த்துச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைப்பார்கள். முதலில் மதகுக்காரக் கிழவர் போனார். அடுத்து ரொட்டிக் கடைக்காரி. அதற்கடுத்துப் பள்ளிக்கூடத்தில் பாதி.

பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது.

என் மனைவி இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மூளையில் ஏதோ ஒரு ரத்தக் குழாய் என்று பிறகு விளக்கினார்கள். படம்கூட வரைந்து காட்டினார்கள், நன்றாகவே வரைந்திருந்தார்கள். வானம் சிவக்கவில்லை. எங்கேயும் மணி அடிக்கவில்லை. வாளியில் பாதித் துணி மிச்சமிருந்தது. வாடை வந்த பிறகு அதை நான்தான் மறுபடி அலசிக் காயப்போட்டேன்.

விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். தைரியமாக இரு என்றார்கள். சொல்லிவிட்டு, வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். சின்ன வயசுதானே என்றார் ஒரு பெரியப்பா, வாசலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டே. தேடிக் கொடுத்தேன்.

அந்தத் தொடரில் ரொட்டிக் கடைக்காரி போன பிறகு ஒரு முழு எபிசோடுக்குக் கடை பூட்டியே கிடக்கும். வேறு எதுவும் நடக்காது. மழை பெய்யும். பூனை கடை வாசலில் உட்கார்ந்திருக்கும். யாரும் அந்தப் பூனையிடம் போய்த் தைரியமாக இரு என்று சொல்வதில்லை. இதற்காகவே அதை எடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இந்த மாதிரி இருட்டுக் கதைகள் எதற்காகப் பிடிக்கின்றன என்பதற்கு ஸ்டூடியோவில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. ரெக்கார்டிங் இன்ஜினியர் கறுப்பு டீசர்ட் மட்டுமே போடுவார். எந்த டீசர்ட்டைப் பார்த்தாலும் அதில் யாராவது ஒருவன் மழையில் நனைந்துகொண்டு முறைப்பான். "டார்க்தான் சார் ரியல். மத்ததெல்லாம் சக்கரத் தண்ணி" என்பது அவருடைய கொள்கை. வாழ்க்கைக்கு அர்த்தமே கிடையாது என்பதை மதிய இடைவேளையில் எங்களுக்கு விளக்குவார். நடுவில் அவருடைய அம்மா போன் செய்து, கட்டிக் கொடுத்த முட்டையைச் சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டுட்டேம்மா என்று சொல்லிவிட்டு, அர்த்தமின்மையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

பையன் மேடத்தின் விளக்கம் வேறு. அவர்தான் படகோட்டிப் பையனுக்குக் குரல். பேரன் பேத்தி எடுத்தவர், இரண்டு முழங்காலிலும் வலி, நிறுத்தி நிறுத்தித்தான் மாடி ஏறுவார். மைக் முன்னால் நின்றால் பத்து வயதுப் பையன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சின்னப் பையன்களுக்கு மட்டும்தான் பேசுகிறார் என்பதால் அந்தப் பெயர். அலறுகிற காட்சிகளை எப்போதும் கடைசியில்தான் எடுப்போம். முதலிலேயே அலறினால் தொண்டை போய்விடும், மற்ற வசனம் நிற்கும். ஒரு நாள் அலறி முடித்து வெளியே வந்து, வெந்நீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுல இப்படிக் கத்த முடியுமா? பக்கத்து வீட்டுக்காரன் கதவத் தட்டுவான். இங்க கத்தினா காசு குடுக்கறான். பாக்கறவனுக்கும் அதே கதைதான். அவனுக்கும் சேத்து நான் கத்தறேன்."

இன்ஜினியர் இதை ஏற்கவில்லை. இதில் தத்துவம் இல்லையாம்.

முதல் எபிசோடு முடிந்ததும் சானல் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். யாரோ ஒருவர் அவருக்குக் கதைச் சுருக்கம் சொல்லியிருந்தார். சாவு, கொலை, ரத்தம், பிணம், கல்லறை, ஆவி இதெல்லாம் வசனத்தில் வரவே கூடாது என்றார். ரத்தம் தெரிகிற இடங்களை அவர்கள் கறுப்பாக்கிவிடுவார்கள், மையென்று நினைத்துக்கொள்ளலாம். மற்றதை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். மதகுக்காரர் சாகிறாரே என்று கேட்டேன்.

"அவர் ஏன் சாகணும்? வேற ஊருக்குப் போகட்டுமே. பாசிட்டிவா எழுதுங்க."

அப்படித்தான் நீலக்கரை பிறந்தது. வீட்டுமனை விளம்பரத்தில் வருகிற மாதிரியான பெயர். வாயசைவைப் பொறுத்தவரை 'செத்துட்டார்' என்பது அந்த இடத்தில் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. 'நீலக்கரை போயிட்டார்' உட்காரவில்லை. பையன் மேடம் அதை மூச்சுவிடாமல் விரட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் எங்கள் தொடரில் ஒவ்வொரு மரணச் செய்தியும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் சொல்வது போலக் கேட்கும்.

போகப் போகச் சிக்கல் கூடியது. ஊரே வரிசையாக நீலக்கரைக்குக் குடிபெயர்ந்தால் காரணம் வேண்டாமா? அங்கே நல்ல வேலை கிடைக்கிறது என்று எழுதினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனபோது, அங்கே ஊஞ்சல் வைத்த பள்ளிக்கூடம் இருக்கிறது என்று எழுதினேன். சவப்பெட்டி வந்தது, சாமான் பெட்டி ஆக்கினேன். கல்லறைகளில் பெயர் பொறித்திருந்தது. புது விலாசம் என்றேன். கொக்கியோடு வருகிற முகமில்லாத உருவத்தைத்தான் எப்படிச் சமாளிப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அவரைப் பயண ஏற்பாட்டாளர் ஆக்கினேன். தன் அக்காவை இழுத்துக்கொண்டு போன அந்த உருவத்தைப் பார்த்துப் படகோட்டிப் பையன் கண்ணீரும் கோபமுமாக, உன்னைச் சும்மா விட மாட்டேன் என்று சபதம் செய்கிற காட்சி மூலத்தில் உண்டு. எங்கள் பதிப்பில் டிக்கெட் போடுவதற்காக ஒருவர்மேல் அவ்வளவு ஆத்திரம். இன்ஜினியர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. நீலக்கரை எங்கே இருக்கிறது, எப்படிப் போக வேண்டும், ஊஞ்சல் எத்தனை என்று சானலுக்கு ஓயாமல் போன் வந்தது. பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ்தான் என்றார் சார். 'நீலக்கரையை வரையுங்கள்' என்று ஓவியப் போட்டி அறிவித்தார்.

இனி வீட்டுக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு மகள். ஒன்றாம் வகுப்பு. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவள் அம்மாவை எடுத்துப் போன அன்று அவளை எதிர்வீட்டில் உட்கார வைத்து கார்ட்டூன் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்து அம்மா எங்கே என்று கேட்டபோது என் அக்கா முந்திக்கொண்டு, அம்மா வெளியூர் போயிருக்கா என்றாள். அக்காவின் கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி கடலில் இருப்பார். அதனால் எங்களோடு வந்து தங்கியிருந்தாள். அவளுடைய அனுபவத்தில் போகிறவர்கள் எல்லோரும் பெட்டியோடு திரும்பி வந்துவிடுவார்கள். நான் அவளை மறுத்துப் பேசவில்லை. மறுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டும்.

வெளியூர் என்றால் எந்த ஊர் என்று பாப்பா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அதற்கும் விடை கிடைத்திருந்தது. அத்தையும் மருமகளும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா, அம்மா நீலக்கரையில இருக்காளாம்" என்றாள் பாப்பா. "நீ ஏன் சொல்லவே இல்ல?"

அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். குழந்தை கேட்டுக்கொண்டே இருந்ததாம், வாயில் சட்டென்று வந்துவிட்டதாம். "ஆனா ஒண்ணு சொல்லணும்டா. எவ்வளவு நல்ல கார்ட்டூன். அடிதடி இல்ல, கண்றாவி இல்ல. இத்தன நாள்ல ஒருத்தர்கூடச் சாகல. மனசுக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

எழுதியவன் என்ற முறையில் எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்கப் போவதில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கப் போனேன்.

அக்கா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். அடுத்த வாரம் நீலக்கரையிலிருந்து ஒரு கிரேயான் பெட்டி வந்தது. அம்மா அனுப்பியது. பாப்பா அந்தக் கிரேயான்களால் நீலக்கரையை வரைந்து சானலின் போட்டிக்கு அனுப்பினாள். நிறைய ஊஞ்சல்கள், நடுவில் அம்மா. அம்மாவின் முகத்தில் அவள் எப்போதும் போடும் மூக்குக்கண்ணாடி மட்டும் இல்லை. அது எங்கள் அலமாரியில் கூட்டுக்குள் இருந்தது.

காலையில் தலை சீவிவிடும்போது கேள்விகள் வரும்.

"பயண ஏற்பாட்டாளர் நம்ம வீட்டுக்கு வந்தப்ப நீ எங்க இருந்த?"

"குளிச்சிட்டிருந்தேன்." அது உண்மை.

"அவர் கைல கொக்கி இருந்துச்சா?"

"நான் பாக்கல."

"கதவ யார் தொறந்தா?"

ரிப்பனைக் கட்டினேன். ஒரு பக்கம் ஏற்றமாகப் போய்விட்டது.

ஒரு நாள் பள்ளி வேன் ஓட்டுநர் பாப்பாவை வாசலில் இறக்கிவிட்டுத் தானும் இறங்கி வந்தார். எப்போதும் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுகிறவர். நல்ல மனிதர். தன் தொழிலில் ஏதோ குறை வந்துவிட்டது போலத் தயங்கி நின்றார்.

"சார், நீலக்கரை எந்த ரூட்டு? பாப்பா அங்க எறக்கி விடச் சொல்லுது. எனக்குத் தெரியாத ஊரே இந்தப் பக்கம் கெடையாது. இது மட்டும் கேள்விப்பட்டதே இல்ல."

கார்ட்டூனில் வருகிற ஊர் என்றேன். சிரித்தார், நிம்மதியாக. அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்:

"தெரியாதுன்னு சொன்னதும், அப்ப பஸ் ஸ்டாண்டுல விட்டுடுங்க, நான் கேட்டுப் போய்க்கறேன்னுச்சு சார். இன்னைக்கு என்கிட்ட கேட்டுச்சு. நாளைக்கு வேற யார்கிட்டயாவது கேட்டா?"

புத்தகப் பையைத் திறந்து பார்த்தேன். புத்தகங்களை எடுத்துவிட்டு ஒரு மாற்றுச் சட்டை, கிரேயான் பெட்டி, அவள் அம்மாவின் மூக்குக்கண்ணாடி ஆகியவற்றை வைத்திருந்தாள். கண்ணாடி எதற்கு என்று கேட்டேன்.

"மறந்து வச்சுட்டுப் போயிட்டாளே. அது இல்லாம அங்க எப்படி வேல செய்வா?"

அக்காவிடம் சொன்னேன். அவள் பயந்துதான் போனாள். ஆனால் அவளுடைய தீர்வு, இன்னும் கொஞ்சம் பெரியவளானால் தானாகப் புரிந்துகொள்வாள் என்பதுதான். அதுவரைக்கும் என்ன செய்வதாம்? வாசல் கதவில் பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடலாம் என்றாள். தச்சரைக் கூப்பிட்டுப் போட்டும்விட்டாள். வலுவான தாழ்ப்பாள்.

அந்த வாரம்தான் கடைசி எபிசோடு எழுத வந்தது.

பையன் மூடுபனிக்குள் படகை ஓட்டிப் போகிறான். மறுகரையில் இறங்குகிறான். அங்கே யாரும் இல்லை. சேறு. சேற்றில் வரிசையாகச் செருப்புகள். பையன் வெகுநேரம் நிற்கிறான். அப்புறம் ஒரு வாக்கியம் சொல்கிறான்: எல்லாரும் செத்துட்டாங்க. பிறகு அலறுகிறான். பிறகு படகைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு வந்து, காத்திருப்பவர்களிடம் அதையே சொல்கிறான். அவர்கள் மேசையிலிருந்து அதிகப்படித் தட்டுகளை எடுத்துக் கழுவி அடுக்குகிறார்கள். முடிந்தது. அந்தத் தட்டு கழுவும் காட்சியை மட்டும் வேலை நேரத்தில் எத்தனையோ தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். வசனம் இல்லாத காட்சி. எழுத எதுவும் இல்லை.

சானல் சாருக்குப் போன் செய்தேன். இது வரைக்கும் நீலக்கரையைக் காட்டாமல் ஓட்டிவிட்டோம், இப்போது காட்டுகிறார்கள், சேறாக இருக்கிறது என்றேன்.

"சேறுன்னு ஏன் பாக்கறீங்க? வயல்னு பாருங்க."

"ஆள் யாரும் இல்ல சார்."

"சந்தைக்குப் போயிருப்பாங்க. இதெல்லாமா நான் சொல்லணும்?"

சந்தைக்குப் போயிருக்கிறார்கள் என்று எழுதினேன். எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

ரெக்கார்டிங் ஞாயிற்றுக்கிழமை. அன்று அக்காவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. எதிர்வீடு பூட்டியிருந்தது. பாப்பாவை என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். படகோட்டி நீலக்கரைக்குப் போகிற எபிசோடு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு வந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பையன் மேடத்தைக் காட்டி, இவர்தான் படகோட்டி என்றேன். பாப்பா அவரை நரைத்த தலையிலிருந்து முழங்கால் பட்டி வரை பார்த்துவிட்டு, பொய் என்றாள். மேடம் குனிந்து, "ஏய், படகுல எடமில்ல, அடுத்த நடைக்கு வா" என்றார், பையன் குரலில். பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அப்போ பூனை யார் என்று கேட்டாள். இன்ஜினியர் வெட்கத்தோடு மியாவ் என்றார்.

மேடம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். பாப்பா ஒலிப்பதிவுக் கன்சோலுக்குப் பக்கத்துச் சுழல் நாற்காலியில். திரையில் படகு மூடுபனியை விட்டு வெளியே வந்தது. கரை தெரிந்தது.

"இதா நீலக்கர?" என்றாள் பாப்பா. "ஊஞ்சல் எங்க?"

உள்ளே மேடம் வசனத்தைப் பேசினார்: எல்லாரும் சந்தைக்குப் போயிருக்காங்க. படத்தில் பையன் வாயை மூடிய பிறகும் வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கு நிக்கல சார், இன்னொரு டேக் என்றார் இன்ஜினியர். படம் மறுபடி ஆரம்பத்துக்குப் போனது. மறுபடி சேறு. மறுபடி செருப்புகள்.

"சந்தைக்குப் போறவங்க செருப்ப விட்டுட்டா போவாங்க?"

இன்ஜினியர் கன்சோலில் ஏதோ ஒரு குமிழைத் திருகினார். திருகத் தேவையில்லாத குமிழ். உள்ளே மேடம் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"நிக்கலப்பா. என்ன சொல்லட்டும்?"

உள்ளே இருப்பவரோடு பேசுவதற்கு ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினேன்.

"செத்துட்டாங்க" என்றேன். "எல்லாரும் செத்துட்டாங்க."

பாப்பா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா?"

"அம்மாவும்."

"நீலக்கரையில?"

"நீலக்கரன்னு ஒரு ஊரே இல்ல பாப்பா. நான்தான் எழுதினேன். அம்மா நம்ம வீட்டு மாடியில செத்துட்டா. இனிமே வர மாட்டா."

அவள் அதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது போல இருந்தது.

"கிரேயான் அத்த வாங்கினதா?"

"ஆமா."

"நம்ம தெருக் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. அங்கயும் அதே கட இருக்கும்னு நெனச்சேன்."

அப்புறம்தான் அழுதாள். சத்தமே இல்லாமல் வாய் மட்டும் முதலில் திறந்தது. டப்பிங்குக்கு முந்தைய படம் மாதிரி. பிறகு சத்தம் வந்தது. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று எந்தத் தொடரிலும் நான் பார்த்திருக்கவில்லை. இன்ஜினியர் எழுந்து வெளியே போனார். கதவு மூடுவதற்குள் அவர் போனில், ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் பண்ணேன் என்று சொல்வது கேட்டது. டார்க்தான் ரியல் என்பவர் அவர்.

அவளைத் தூக்குகிற வரைக்கும் பட்டனிலிருந்து நான் விரலை எடுத்திருக்கவில்லை. உள்ளே மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. பாப்பாவின் அழுகை கொஞ்சம் தணிகிற வரைக்கும் இருந்துவிட்டு, மைக்கில் சொன்னார்: "கத்தற டேக் மிச்சம் இருக்கு. எனக்கு இன்னைக்குத் தொண்ட சரியில்ல. கூட ஒரு ஆள் வேணும்."

பாப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கத்தலாமா?"

"இங்க கத்தலாம்" என்றேன்.

இன்ஜினியர் திரும்பி வரவில்லை. பதிவு செய்யும் பட்டனை நானே அழுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரே மைக் முன்னால், மேடம் முழங்கால் வலியோடு குனிந்தும் பாப்பா ஸ்டூல்மேல் ஏறியும் நின்றார்கள். படத்தில் பையன் வாயைத் திறந்தான். இரண்டு பேரும் அலறினார்கள். கன்சோலில் ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஒலி சிதறினால் டேக்கை வெட்ட வேண்டும் என்பது விதி. நான் வெட்டவில்லை. பையன் வாயை மூடிய பிறகும் பாப்பா நிறுத்தவில்லை. அவள் முடிக்கிற வரைக்கும் ஓடவிட்டேன். நான் கத்தவில்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மூக்கில் நிற்காமல் வழுக்கியது. கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள். எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது என்றாள். கழற்றச் சொன்னேன். வேண்டாம் என்றாள். கல் தடுக்காமல் பார்த்துக்கொண்டேன்.

மேடம் மாற்றிப் பேசிய வரியோடு எபிசோடு சானலுக்குப் போனது. சானல் சார் அதையும் பார்க்கவில்லை. தன் கொள்கையில் அவர் கடைசி வரை உறுதியாக இருந்தார்.

ஒளிபரப்பான அன்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு டி.வி. முன்னால் இருந்தாள், பல் பிடுங்கிய இடம் இன்னும் வீங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பாப்பாவும் சொல்லவில்லை போல. பாப்பா அவள் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். படகு கரையைத் தொட்டது. சேறு. செருப்புகள். பையன் பேசினான். ஒவ்வொரு எழுத்தும் வாயசைவில் அப்படியே உட்கார்ந்தது. என் வேலையில் இவ்வளவு சுத்தமாக ஒரு வரி அமைந்ததில்லை.

அப்புறம் அலறல் வந்தது.

"என்னடா இது, கொரல் நம்ம பாப்பா மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா.

"நான்தான்" என்றாள் பாப்பா.

அக்காவுக்கு அது காதில் ஏறவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை கன்னத்தை விட்டு இறங்கியது. "செத்துட்டாங்கன்னா சொன்னான்? எல்லாருமா? அந்தக் கெழவர், ரொட்டிக்காரி, பள்ளிக்கூடத்துப் பசங்க..."

பாப்பா அத்தையின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவங்கல்லாம் முன்னாடியே செத்துட்டாங்க அத்த" என்றாள். "அம்மாவும்தான். உனக்கு யாரும் சொல்லலையா?"

என் சட்டைப் பையில் போன் துடித்தது. சானல் சார். டி.வி.யில் அந்த ஊர்க்காரர்கள் தட்டுகளை எடுத்துக் கழுவத் தொடங்கியிருந்தார்கள். அதில் வசனம் கிடையாது. அக்கா சின்னப் பிள்ளை போலத் தேம்பத் தொடங்கியிருந்தாள். பாப்பா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நான் போனை எடுக்காமல், டி.வி.யின் ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். தட்டுகளின் சத்தம் கேட்டது.